கும்மட்டம் யாருடையது? கோபுரம் யாருடையது?

ஒரு கோயிலைப் பற்றி எழுதப் போகிறேன். முஸ்லிம் மகளிர் கல்லூரிச் சஞ்சிகையில் கோயிலுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் கோயிலின் மேல் நமக்குப் பழக்கமான கும்மட்டங்கள் இருக்கின்றன என்பது என் முதல் பதில். ஒரு கட்டடத்தின் உச்சியில் என்ன இருக்கிறது என்பது நமது மாகாணத்தில் வெறும் அழகுப் பிரச்சினையாக ஒருபோதும் இருந்ததில்லை என்பது இரண்டாவது பதில். ஓட்டமாவடியிலிருந்து பனிச்சங்கேணிப் பாலத்தைத் தாண்டி வாகரை, வெருகல், மூதூர் என்று பஸ்ஸில் போகிற எவருக்கும் இது தெரியும். கும்மட்டம் தெரிந்தால் நம் ஊர், கோபுரம் தெரிந்தால் அவர்கள் ஊர், சிலுவை தெரிந்தால் இன்னொருவர் ஊர் என்று சிறு பிள்ளையும் கணக்கு வைத்திருக்கிறது. அப்படிப் பழகிய கண்ணுக்கு, மூன்றும் ஒரே கட்டடத்தில் இருக்கிற கோயில் ஒரு புதிர். அந்தப் புதிரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் சொல்லும் கோயில் வங்காளத்தில், கொல்கத்தா நகருக்கு அருகே ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள பேலூர் மடத்தில் இருக்கிறது. ஸ்ரீ இராமகிருஷ்ண பரமஹம்சருக்காகக் கட்டப்பட்டது. அவருடைய மாணவரான சுவாமி விவேகானந்தர் 1898 இல் அந்த ஆற்றங்கரைக் காணியை வாங்கி மடத்தை நிறுவினார். எப்படிப்பட்ட கோயில் அங்கே எழவேண்டும் என்ற கற்பனையும் அவருடையதே. தாம் பயணம் செய்த நாடுகளிலும் இந்தியாவின் பல பகுதிகளிலும் கண்ட கட்டடங்களை மனத்தில் வைத்து அவர் விளக்கிச் சொல்ல, துறவறத்துக்கு முன் அரசாங்கப் பொறியியலாளராக வேலை பார்த்த சுவாமி விஞ்ஞானானந்தர் அதை வரைபடமாக்கினார். 1902 ஜூலை 4 ஆம் திகதி விவேகானந்தர் காலமானபோது கோயில் காகிதத்தில் மட்டுமே இருந்தது. அமெரிக்க அன்பர்கள் கொடுத்த பணத்தால் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகே வேலை தொடங்கியது. 1938 ஜனவரி 14 ஆம் திகதி கோயில் திறந்து வைக்கப்பட்டது. வரைபடம் வரைந்த விஞ்ஞானானந்தரே அப்போது மடத்தின் தலைவர். அதே ஆண்டு ஏப்ரலில் அவரும் காலமானார்.

கட்டடத்தைப் பார்ப்போம். முகப்பு, தென்னிந்தியக் கோயிலின் வாயிற் கோபுரத்தை நினைவூட்டும் வகையில் உயர்ந்து நிற்கிறது. அந்த முகப்பிலேயே பௌத்தர்களின் குடைவரைக் கோயில்களில் காணப்படும் சாளர வளைவு இருக்கிறது. உள்ளே நுழைந்தால் இருபுறமும் தூண் வரிசையோடு நீண்டு செல்லும் மண்டபம், கிறிஸ்தவ தேவாலயத்தின் நடுக்கூடத்தை ஒத்தது. மேலேயிருந்து பார்த்தால் கட்டடத்தின் தரைவடிவம் சிலுவையைப் போன்றது. சாளரங்களும் மாடங்களும் முகலாய, இராஜபுத்திரப் பாணியில் அமைந்தவை. உச்சியில் பெரிய கும்மட்டமும் அதைச் சூழச் சிறிய கும்மட்டங்களும். உயரம் ஏறக்குறைய 112 அடி. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் கோயில், இன்னொரு பக்கத்திலிருந்து பள்ளிவாசல், மற்றொரு பக்கத்திலிருந்து தேவாலயம் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். ஆனால் கர்ப்பக்கிருகத்தில் இருப்பது இராமகிருஷ்ணரின் பளிங்குச் சிலை. அங்கு நடப்பது இந்துமத வழிபாடு. இந்த இரண்டையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். என் கருத்து முழுவதும் அதில்தான் நிற்கிறது.

வங்காளம் எங்கே, மட்டக்களப்பு எங்கே என்று நினைக்க வேண்டாம். காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1924 இல் துறவறம் பூண்டது இந்த இராமகிருஷ்ண சபையில்தான். பேலூர்க் கோயில் திறக்கப்பட்ட நாளில் அவர் அந்தச் சபையின் துறவி. கல்லடி உப்போடையில் 1929 இல் அவர் தொடக்கிய சிவானந்த வித்தியாலயமும், அதே கல்லடியில் உள்ள அவருடைய சமாதியும் நம்மில் பலர் பஸ்ஸில் போகும்போது பார்த்தவை. அவரே கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தவர். சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவில் உள்ள ஊரில் பிறந்ததால் பாங்குச் சத்தம் கேட்டு வளர்ந்தவர் என்றும் சொல்லலாம். ஆகவே பேலூரின் கல்லில் இருக்கும் எண்ணம் நமது வாவிக் கரைக்கு அந்நியமானதல்ல. வேறு வழியால் இங்கே ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்ட ஒன்று.

இனி என் கருத்துக்கு வருகிறேன். பேலூர்க் கோயிலைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தைச் சொல்கிறார்கள். எல்லா மதமும் ஒன்று என்பதை அது காட்டுகிறது என்பார்கள். ஒரு முஸ்லிம் பெண்ணாக அந்தக் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஏற்றுக்கொண்டதாக நடிப்பதும் அந்தக் கோயிலுக்கு மரியாதை ஆகாது. இராமகிருஷ்ணர் 1866 அளவில் மூன்று நாட்கள் இஸ்லாமிய முறைப்படி வாழ்ந்து பார்த்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அந்தக் காலத்தில், அந்தச் சூழலில் வாழ்ந்த ஒரு பூசகர் அப்படிச் செய்யத் துணிந்தது பெரிய காரியம். அதில் சந்தேகமில்லை. ஆனால் மார்க்கம் என்பது நமக்கு மூன்று நாள் அனுபவம் அல்ல. ஐந்து நேரத் தொழுகையும், ரமழானின் பசியும், ஸக்காத்தின் கணக்கும், ஜனாஸாவின் மண்ணும் சேர்ந்த முழு வாழ்வு. அதேபோல ஓர் இந்துத் தோழியின் கந்தசஷ்டி விரதத்தையும் ஓர் உச்சிவேளை பார்த்து நான் அறிந்துவிட்டதாகச் சொல்லமாட்டேன். எல்லாம் ஒன்றுதான் என்று சொல்வது பல வேளைகளில் மற்றவரை அறியும் உழைப்பிலிருந்து தப்பிக்கும் சுலபமான வழியாகிவிடுகிறது.

விவேகானந்தர் 1898 இல் ஒரு முஸ்லிம் நண்பருக்கு எழுதிய கடிதம் பிரசித்தமானது. வருங்கால இந்தியாவுக்கு வேதாந்தம் அறிவாகவும் இஸ்லாம் உடலாகவும் அமையவேண்டும் என்பது அதன் கருத்து. இஸ்லாத்தின் சமத்துவத்தை மனமாரப் பாராட்டி எழுதப்பட்ட கடிதம் அது. அன்போடு எழுதப்பட்டதை அன்போடுதான் வாசிக்க வேண்டும். ஆயினும் நமக்கும் ஒரு அறிவு உண்டு, ஒரு தத்துவ மரபு உண்டு என்று மெதுவாகச் சொல்லத் தோன்றுகிறது. கும்மட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் கீழே சொல்லப்படும் கலிமாவை வெளியே விட்டுவிட்டால், விருந்தாளியின் சால்வையை வாங்கி அணிந்துகொண்டு விருந்தாளியை வாசலில் நிறுத்தியது போல ஆகாதா என்ற கேள்வி நியாயமானது.

இந்தக் கேள்விக்கு வேறொரு கோயில் வேறொரு பதிலைக் கொடுத்தது. கோயம்புத்தூருக்கு அருகே செட்டிப்பாளையத்தில் பிறந்து, 1950களில் நமது நாட்டில் தங்கி ஆச்சிரமப் பணி செய்து, பின்னர் அமெரிக்கா சென்றவர் சுவாமி சச்சிதானந்தர். அவர் அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் 1986 இல் தாமரை வடிவில் ஓர் ஆலயத்தைத் திறந்தார். அதில் சிலை நடுவில் இல்லை. நடுவில் ஒளி மட்டுமே. அதைச் சுற்றி ஒவ்வொரு சமயத்துக்கும் ஒரு பீடம். இஸ்லாத்துக்கும் ஒன்று உண்டு. இன்னும் அறியப்படாத சமயங்களுக்கும் ஒரு பீடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. யாரையும் விட்டுவிடக்கூடாது என்ற நல்ல மனம் அது. ஆனால் அங்கே ஒவ்வொரு சமயமும் சமமான பங்கு பெற்ற காட்சிப் பொருளாகிவிடுமோ என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு பீடத்தின் முன் நின்றுவிட்டு அடுத்த பீடத்துக்கு நகர்வது வணக்கத்தைவிட வருகைக்கே பொருத்தமானது.

இரண்டையும் வைத்து யோசித்தால் எனக்குப் பேலூர்தான் பிடிக்கிறது. காரணம், பேலூர் தன்னை யாரென்று மறைக்கவில்லை. அது இந்துக் கோயில். உள்ளே யாரை வணங்குகிறது என்பதில் குழப்பமில்லை. ஆனால் தன் சுவரையும் கூரையையும் கட்டுவதற்கு யார் யாரிடம் பெற்றுக்கொண்டது என்பதை ஊரறிய, ஆற்றங்கரையில் நின்று பார்க்கிற எவருக்கும் தெரியும்படி, வெளியில் வைத்திருக்கிறது. வாங்கியதை ஒப்புக்கொள்ளும் கட்டடம் அது. எல்லா மதமும் ஒன்று என்ற பாடத்தை நான் அதில் படிக்கவில்லை. எந்த மதத்தாரும் தனியே ஒரு வீட்டைக் கட்டி முடித்ததில்லை என்ற பாடத்தைப் படிக்கிறேன். இந்தப் பாடத்தை ஏற்க நம் ஈமானில் ஓர் அணுவளவும் குறைக்க வேண்டியதில்லை.

ஏனென்றால் நம்முடைய கட்டட வரலாறும் அதையே சொல்கிறது. மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் கட்டிய பள்ளிவாசலுக்குக் கும்மட்டமும் இல்லை, மினாராவும் இல்லை. வெயிலில் காய்ந்த மண்கல்லால் சுவர், ஈச்சமரத் தண்டுகளால் தூண், ஈச்ச ஓலையால் கூரை. பிலால் (ரழி) அவர்கள் உயரமான ஒரு வீட்டின் மேலே ஏறிப் பாங்கு சொன்னார்கள். அந்தப் பள்ளியில் தொழுதவர்களின் ஈமான் இன்றைய பளிங்குப் பள்ளிகளில் தொழுகிறவர்களின் ஈமானைவிடக் குறைந்ததென்று எவரும் சொல்லத் துணியமாட்டார்கள். கும்மட்டம் பின்னர் வந்தது. ஜெரூசலத்தில் 7 ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த குப்பத்துஸ் ஸக்ராவின் வட்டக் கும்மட்டமும் எண்கோண வடிவமும் அந்தப் பிரதேசத்துக் கிறிஸ்தவத் தேவாலயங்களின் கட்டட மரபோடு நெருங்கிய உறவுடையவை. திமிஷ்கில் உமையா கலீபாக்களின் பெரிய பள்ளிவாசல் 8 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டபோது, அங்கே முன்பே நின்ற உரோமர் காலத்து மதிலும் மூலைக் கோபுரங்களும் பயன்பட்டன. 537 இல் தேவாலயமாகக் கட்டி முடிக்கப்பட்ட ஆயா சோபியாவின் கும்மட்டமே உதுமானியர் காலத்துப் பெரும் பள்ளிவாசல்களுக்கெல்லாம் முன்மாதிரி. ஆகவே நாம் ‘நம்முடையது’ என்று சொல்லும் கும்மட்டமும் ஒரு காலத்தில் வாங்கியதுதான். வாங்கியதை அழகாக வளர்த்தோம் என்பது நம் பெருமை. வாங்கவே இல்லை என்று சொல்வது வரலாறு அறியாமை.

தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கு இது இன்னும் நெருக்கமான கதை. வள்ளல் சீதக்காதியின் காலத்தோடு இணைத்துப் பேசப்படும் கீழக்கரை ஜும்ஆப் பள்ளிவாசலைப் படத்திலாவது பாருங்கள். கோயில் மண்டபத்தில் காணும் அதே கற்றூண் வரிசை. உருவச் சிற்பங்கள் மட்டும் இல்லை. அந்த இடத்தில் பூவும் கொடியும் கோலமும். கோயில் தூணைச் செதுக்கப் பழகிய கைகள் பள்ளிவாசலின் தூணையும் செதுக்கின. நாகூர் தர்காவின் மிகப் பெரிய மினாரா 131 அடி உயரமானது. அதைக் கட்டுவித்தவர் தஞ்சாவூரை ஆண்ட மராத்திய மன்னர் பிரதாப சிங், ஓர் இந்து. தர்காக்களைப் பற்றி நம்மிடையே மார்க்க ரீதியான கருத்து வேறுபாடு இருக்கிறது. அந்த விவாதத்தை இங்கே திறக்கவில்லை. பேலூருக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் இந்து மன்னர் முஸ்லிம்களுக்கு மினாரா கட்டிக் கொடுத்தார் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றத்தைப் பார்த்தவர்களுக்கு நாகூரின் பெயர் புதிதல்ல.

இலக்கியச் சஞ்சிகையில் எழுதுவதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உமறுப் புலவர் சீறாப்புராணத்தைப் பாடியபோது அரபு நாட்டுக்கு ஆற்று வளமும் வயல் வளமும் கொடுத்தார். பாலை நிலத்தில் மருதம் ஏது என்று எவரும் அவருடன் வழக்காடவில்லை. தமிழ்க் காவியம் நாட்டு வளத்தைச் சொல்லித் தொடங்கும். அவர் அந்தக் கட்டட முறையை எடுத்து, உள்ளே நபிகளாரின் வரலாற்றை வைத்தார். காவிய முகப்பு தமிழருக்குப் பொதுவானது. உள்ளே உள்ள நம்பிக்கை முழுக்க இஸ்லாம். பேலூரில் கல்லால் செய்யப்பட்டதை உமறு சொல்லால் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் முந்தியே செய்துவிட்டார் என்று நான் நினைக்கிறேன். ‘பள்ளி’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சமணரும் பௌத்தரும் தங்கள் துறவிகளின் இருப்பிடத்துக்கு வைத்திருந்த பெயர் அது. இன்று பாடசாலைக்கும் அந்தப் பெயர், நாம் தொழும் இடத்துக்கும் அந்தப் பெயர். நோன்பு, தொழுகை என்ற சொற்களும் நமக்கு முன்பே தமிழில் இருந்தவை. அவற்றை வாயில் வைத்துக்கொண்டு, நாம் யாரிடமும் எதுவும் பெறவில்லை என்று சொல்ல முடியாது.

இவ்வளவும் அழகான வரலாறு. இனி அழகில்லாத வரலாற்றையும் பேச வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை மேடைப் பேச்சாகிவிடும்.

1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் ஏறாவூரிலும் இரத்தம் ஓடியது. அடுத்த மாதம் 9 ஆம் திகதி சத்துருக்கொண்டானில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் மக்கள், குழந்தைகள் உட்பட, கொல்லப்பட்டார்கள். 2006 ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் ஊரை விட்டுக் கந்தளாய்ப் பக்கம் நடந்தார்கள். அதே ஆண்டின் இறுதி மாதங்களில் வாகரைப் பக்கத்தில் அடைபட்டிருந்த தமிழ் மக்கள் ஷெல் வீச்சுக்கு நடுவே பனிச்சங்கேணி வாவியையும் காட்டையும் கடந்து மட்டக்களப்பு முகாம்களுக்கு ஓடினார்கள். ஒரே வீதியின் இரண்டு முனைகளிலும் ஒரே ஆண்டில் இரு சமூகத்தவரும் மூட்டை முடிச்சோடு நின்றார்கள். 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகள் கொல்லப்பட்டார்கள். அதன்பின் நம் ஊர்களின் பேரீச்ச மரமும் அரபுப் பெயர்ப் பலகையும் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டன. இவற்றையெல்லாம் ஒரு கும்மட்டமோ கோபுரமோ ஆற்றிவிடாது.

அதனால்தான் ‘நல்லிணக்கச் சின்னம்’ என்ற பேச்சு வரும்போது எனக்கு அச்சம் வருகிறது. நான்கு சமயத் தலைவர்களை ஒரே வரிசையில் நிறுத்திப் படம் பிடிப்பதும், ஒரே தூணில் நான்கு சமயச் சின்னங்களைப் பொறிப்பதும் நமது நாட்டில் எளிது. படம் எடுத்தவர்கள் போன பிறகு காணிப் பிரச்சினை அப்படியே இருக்கும். மேய்ச்சல் தரைப் பிரச்சினை அப்படியே இருக்கும். பனிச்சங்கேணியில் ஒரு பேலூர் கட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. கட்டினால் முதல் கேள்வி அது யாருடைய காணி என்பதாகத்தான் இருக்கும்.

போருக்குப் பிந்திய இந்த ஆண்டுகளில் நம் ஊர்களில் கட்டடங்கள் வேறொரு வேலையைச் செய்யத் தொடங்கியிருக்கின்றன. அவை எல்லைக் கற்களாகின்றன. ஊர் முனையில் ஒரு சமூகத்தின் வளைவு எழுந்தால் அடுத்த முனையில் மற்றச் சமூகத்தின் வளைவு எழுகிறது. ஒரு கோபுரம் உயர்ந்தால் ஒரு மினாரா அதைவிட உயர வேண்டும். ஒலிபெருக்கிக்கு ஒலிபெருக்கி. ஒரு மரத்தடியில் திடீரென்று முளைக்கும் சிலையைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. பேலூரின் கும்மட்டம் ‘உன்னிடம் பெற்றேன்’ என்று சொல்லுகிறது. எல்லைக் கல்லாக நிற்கும் கும்மட்டமோ கோபுரமோ ‘இதற்கு அப்பால் வராதே’ என்று சொல்லுகிறது. வடிவம் ஒன்றுதான். சொல்லும் செய்திதான் நேர் எதிர். இந்த வேறுபாட்டைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதினேன்.

மற்றவரின் வணக்கத்தலத்தை எப்படி மதிப்பது என்பதற்கு நம் வரலாற்றிலேயே சிறந்த உதாரணம் இருக்கிறது. ஜெரூசலம் நகரம் முஸ்லிம்களிடம் வந்தபோது கலீபா உமர் (ரழி) அவர்கள் அங்கு சென்றார்கள். கிறிஸ்தவர்களின் மிகப் புனிதமான தேவாலயத்தில் நின்றிருந்தபோது தொழுகை நேரம் வந்தது. உள்ளேயே தொழும்படி தலைமைக் குரு கேட்டுக்கொண்டார். உமர் (ரழி) அவர்கள் மறுத்து வெளியே வந்து தொழுதார்கள். தாம் உள்ளே தொழுதால் பிற்காலத்தில் முஸ்லிம்கள் அந்த இடத்தைத் தமதென்று எடுத்துக்கொள்வார்கள் என்பதே அவர்கள் சொன்ன காரணம் என்று வரலாற்று நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. இன்றும் அந்தத் தேவாலயத்துக்கு எதிரே, வெளியில், அவர்கள் பெயரால் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. உமர் (ரழி) அவர்கள் எல்லாம் ஒன்றென்று சொல்லவில்லை. தம் தொழுகையை விட்டுக் கொடுக்கவும் இல்லை. மற்றவரின் இடத்தைப் பிடித்துக்கொள்ள வாய்ப்பிருந்தும் பிடிக்கவில்லை. ஒரு வளாகத்தில் பத்துச் சின்னங்களை வைப்பதைவிட இந்த ஒரு மறுப்பு பெரியது என்று நான் நம்புகிறேன். நம் மாகாணத்தில் ஒவ்வொரு சமூகமும் இந்த ஒரு மறுப்பைப் பழகிக்கொண்டால் பாதிப் பிணக்கு தீரும்.

கட்டடத்தில் கலக்காத நாம் வாழ்வில் எவ்வளவு கலந்திருக்கிறோம் என்பதையும் மறக்கக்கூடாது. மட்டக்களப்புப் பிரதேசத்தின் தாய்வழிக் குடி முறை தமிழரிடமும் உண்டு, நம்மிடமும் உண்டு. கோயிலுக்கு வண்ணக்கர்களைக் குடி பார்த்துத் தெரிந்தது போலவே பள்ளிவாசலுக்கு மரைக்கார்களைக் குடி பார்த்துத் தெரிந்த மரபு நம்முடையது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து, மருமகனை அந்த வீட்டுக்கு அழைக்கும் வழக்கம் இரு சமூகத்துக்கும் பொதுவானது. சீதனத்தின் சுமையைப் பற்றி நமக்கு முறைப்பாடுகள் உண்டு. அது வேறு கட்டுரைக்கு உரியது. ஆனால் வீடு பெண்ணுடையது என்ற எண்ணம் இந்த வாவிக் கரையில் கோயிலடியிலும் பள்ளியடியிலும் ஒன்றாகவே வளர்ந்தது. கோபுரத்தையும் கும்மட்டத்தையும் பற்றிய கூட்டங்களில் நாம் அழைக்கப்படுவதில்லை. இந்தப் பொதுவான வாழ்க்கையை நடத்திக்கொண்டு வந்தவர்கள் மட்டும் பெண்களே. இதை நாம் எழுதி வைக்காவிட்டால் யார் எழுதுவார்?

ஆகவே தோழியரிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறேன். மூன்றுக்கும் பணம் தேவையில்லை.

முதலாவது, உங்கள் ஊரின் பழைய பள்ளிவாசலைப் பாருங்கள். மரத்தூண், ஓட்டுக் கூரை, ஹவுளு, பழைய மிம்பர், எது மிஞ்சியிருந்தாலும் படம் எடுத்து அளவு குறித்து வையுங்கள். பல ஊர்களில் பழையது இடிக்கப்பட்டு, வெளிநாட்டுப் படத்தைப் பார்த்துப் புதியது எழுந்துவிட்டது. புதியது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சனத்தொகை கூடினால் இடம் வேண்டும். ஆனால் பழைய தூணைச் செதுக்கியவர் எந்த ஊர் ஆசாரி, ஓடு எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். நான் கீழக்கரையைப் பற்றிச் சொன்ன கதை உங்கள் ஊரிலும் கிடைக்கலாம்.

இரண்டாவது, நம் வாப்பாமாரும் காக்காமாரும் இருக்கும் நிர்வாக சபைகளில் அடுத்த வளைவோ மினாராவோ பற்றிய பேச்சு எழும்போது, வீட்டுக்குள்ளிருந்தாவது ஒரு கேள்வியைக் கேளுங்கள். இது தொழுகிறவர்களுக்காகக் கட்டப்படுகிறதா, அடுத்த ஊர்க்காரர் பார்ப்பதற்காகக் கட்டப்படுகிறதா? அடுத்த ஊர்க்காரர் பார்க்கத்தான் என்றால், அந்தப் பணத்தில் எத்தனை பிள்ளைகளின் உயர்தரப் படிப்பை முடிக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். இதே கேள்வியைத் தம் வீடுகளில் கேட்கும் துணிவு தமிழ்த் தோழியருக்கும் உண்டு என்று நம்புகிறேன்.

மூன்றாவது, ஒரு கோயிலுக்குள்ளோ தேவாலயத்துக்குள்ளோ போய் வணங்க வேண்டியதில்லை. நம் மார்க்கம் அதைக் கேட்கவும் இல்லை. ஆனால் வெளியில் நின்று கட்டடத்தை வாசிக்கக் கற்றுக்கொள்ளலாம். அது விமானம், இது கோபுரம், அது கொடித்தம்பம், அதில் இன்ன குடிக்கு இன்ன உரிமை என்று அறிவது பாவம் அல்ல. நம் மிஹ்ராபும் மிம்பரும் என்ன என்று கேட்டு வருகிற பிள்ளைக்குப் பொறுமையாகச் சொல்வது நன்மைதான். அல்லாஹ் மனிதரைப் பல கூட்டங்களாக ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காக என்பது சூரத்துல் ஹுஜுராத்தில் நாம் ஓதுவதுதானே.

ஹூக்ளி ஆற்றங்கரைக் கோயிலில் என் தொழுகைக்கு இடமில்லை. இடம் வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. என் முன்னோர் வளர்த்த ஒரு வடிவத்தை அங்கே யாரோ அழகென்று கண்டு, மறைக்காமல் தம் கூரையில் வைத்திருக்கிறார்கள். அதை நான் ஸலாம் சொல்லி ஏற்றுக்கொள்கிறேன். பதிலுக்கு, என் பள்ளிவாசலின் தூணிலும் என் வாயில் வரும் தமிழிலும் அவர்களுடையது எவ்வளவு இருக்கிறதென்று சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன். அவ்வளவுதான். அவர்கள் கோயில் கோயிலாகவும், எங்கள் பள்ளி பள்ளியாகவும் இருக்கட்டும். நடுவில் உள்ள வீதியில் இரண்டு பக்கப் பிள்ளைகளும் பயமில்லாமல் பாடசாலைக்குப் போய் வரட்டும்.